தந்தி மீறிய விதி
அலைகளின் கதை – 17

திருத்தணி என்றால் படிகள் நினைவுக்கு வரும். ஆண்டின் நாட்களுக்கு ஒன்றாக 365. எல்லைப் போராட்டமும், 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி அந்த ஊர் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்து சேர்ந்ததும் சற்று வயதானவர்களுக்கு நினைவிருக்கும். அலைகளைப் பற்றி எழுதுகிறவனுக்கு அந்த மலையில் என்ன வேலை? முத்துசுவாமி தீட்சிதர் தம் முதல் கீர்த்தனையை, மாயாமாளவகௌளை ராகத்தில், தணிகை முருகன் சந்நிதியில் பாடினார் என்பது சங்கீத மரபு. அவர் கையில் இருந்தது வீணை. அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதரோ, குடும்பம் சென்னையை அடுத்த மணலியில் இருந்த காலத்தில் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்றுக்கொண்டு, அந்தக் கருவியைக் கர்நாடக இசைக்குள் அழைத்து வந்த முன்னோடி. ஒரே வீட்டில் இரண்டு தந்திக் கருவிகள்: ஒன்று விரலால் மீட்டுவது, மற்றது வில்லால் இழுப்பது. தீட்சிதர் 1835-இல் எட்டயபுரத்தில் மறைந்தார். முக்கால் நூற்றாண்டு கழித்து, கல்கத்தாவில் நிதித்துறை அதிகாரியாக இருந்த தமிழ் இளைஞர் ஒருவர் அலுவலக நேரம் போக மிஞ்சிய பொழுதில் இந்த இரண்டு வகைக் கருவிகளையும் ஆய்வு மேசைக்குக் கொண்டுவந்தார். பாடநூல் சொன்ன விதி இரண்டிலுமே போதவில்லை என்று கண்டார். அவர் சி.வி. ராமன். தீட்சிதருக்கும் ராமனுக்கும் நடுவே கயிறு திரிக்க நான் முயலவில்லை. கருவிகள் மட்டுமே பொது. (தணிகைக்கு இன்னொரு சின்ன உரிமை உண்டு. 1888 செப்டம்பரில் அங்கே பிறந்த ராதாகிருஷ்ணனும், அதே ஆண்டு நவம்பரில் திருவானைக்காவலில் பிறந்த ராமனும் பின்னாளில் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் ஒரே காலத்தில் பேராசிரியர்களாக இருந்தார்கள். 1954-இல் முதன்முதலாகப் பாரத ரத்னா பெற்ற மூவரில் இவர்கள் இருவர், மூன்றாமவர் ராஜாஜி.)

சென்ற இதழில் ஒத்ததிர்வில் நிறுத்தியிருந்தோம். ஊஞ்சலை அதன் ஆட்டத்தோடு ஒட்டித் தள்ளினால் சின்னத் தள்ளல்களும் சேர்ந்து பெரிய வீச்சாகும். தாளம் தப்பித் தள்ளினால் உழைப்புதான் வீண். இந்த எளிய படத்துக்கு அடியில் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. விசையை இரு மடங்காக்கினால் விளைவும் இரு மடங்காகும். இரண்டு அலைகள் ஒரே தந்தியில் ஓடினால் ஒன்றை ஒன்று தொந்தரவு செய்யாமல் கடந்து போகும். கொடுத்த அதிர்வெண் எதுவோ அதுவே திரும்பி வரும். இதற்குத்தான் நேரியல் தன்மை என்று பெயர். வீச்சு சிறிதாக இருக்கும்வரை உலகம் ஏறக்குறைய இப்படித்தான் நடந்துகொள்கிறது. வீச்சு பெரிதானாலோ, தந்தி எதன்மீதாவது உரசினாலோ, வில் தந்தியைப் பிடித்து விட்டாலோ இந்த ஒழுங்கு கலைந்துவிடும். அலைகள் ஒன்றோடொன்று கொடுக்கல் வாங்கல் செய்யத் தொடங்கும். யாரும் கொடுக்காத அதிர்வெண்கள் முளைக்கும். இந்தியாவில் இந்த நேரியலற்ற இயற்பியலின் கதையை, கணினிகள் பெருகிய 1980-களில் ‘கேயாஸ்’ என்ற சொல்லோடு வந்து இறங்கிய ஒன்றாகச் சொல்வது வழக்கமாகிவிட்டது. ராமனின் வாழ்க்கை வரலாறுகளும் அவருடைய தந்தி ஆராய்ச்சியை ஒளியைத் தொடுவதற்கு முந்தைய பொழுதுபோக்காக, இரண்டு பக்கங்களில் கடந்து போகின்றன. இரண்டுமே சரியில்லை. 1909 முதல் 1921 வரை கல்கத்தா பௌபஜார் தெரு 210-ஆம் எண் கட்டடத்தில் நடந்த தந்தி ஆய்வுகள்தான் இங்கே அந்தத் துறையின் முதல் அத்தியாயம் என்பது என் வாதம்.

முதல் சான்று ஒரு நூல், புத்தகமல்ல, இழை. ஜெர்மனியின் மெல்டே 1859-இல் செய்து காட்டிய சோதனையை நம் கல்லூரி ஆய்வகங்களில் இன்றும் செய்கிறார்கள். இசைக்கவையின் ஒரு கிளையில் நூலைக் கட்டி, மறுமுனையில் எடையைத் தொங்கவிட வேண்டும். கவை நூலுக்குக் குறுக்காக அதிர்ந்தால், நூலும் கவையின் அதிர்வெண்ணிலேயே ஆடும், அதில் வியப்பில்லை. கவை நூலின் நீளவாக்கில் அதிரும்போதுதான் வேடிக்கை. அப்போது கவை நூலைப் பக்கவாட்டில் தள்ளவே இல்லை, அதன் இழுவிசையை மட்டும் கூட்டிக் குறைக்கிறது; ஆனாலும் நூல் பக்கவாட்டில் ஆடுகிறது, அதுவும் கவையின் அதிர்வெண்ணில் சரிபாதியில். ஊஞ்சலில் நின்றபடி ஆடும் பெண்கள் இதை அறிவார்கள். வெளியிலிருந்து தள்ள ஆளில்லை. ஓர் ஆட்டத்துக்கு இரண்டு முறை உட்கார்ந்து எழுந்தே வேகம் ஏற்றுவார்கள். 1831-இல் ஃபாரடே, அதிரும் தட்டின்மேல் இருந்த நீரில் பாதி அதிர்வெண் அலைகளைப் பார்த்தார். 1883-இல் ரேலே பிரபு அதற்குக் கணிதம் எழுதினார். விஷயம் முடிந்தது என்றே எல்லோரும் நினைத்திருக்க வேண்டும். 1909-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த சிறு குறிப்பில் ராமன் அது முடியவில்லை என்றார். இழுவிசையைத் தக்கபடி மாற்றினால் நூல் பாதியில் மட்டுமல்ல, கவையின் அதிர்வெண்ணிலேயே, ஒன்றரை மடங்கில், இரண்டு மடங்கில் என்று அரை மடங்குப் படிகளில் ஏறிக்கொண்டே போகிறது என்று காட்டினார். 1912-இல் இந்த வரிசையை ‘ஃபிசிகல் ரிவ்யூ’ இதழில் ஒத்ததிர்வின் குறிப்பிடத்தக்க வகைகள் என்ற பொருளில் எழுதினார்; அதே ஆண்டு, அவர் ஆய்வு செய்துவந்த பௌபஜார் தெரு அறிவியல் சங்கத்தின் வெளியீடாக ஒரு நீண்ட ஆய்வும் வந்தது. அப்போது அவருக்கு வயது 24.

கணிதம் தெரிந்த வாசகர் இங்கே கை தூக்குவார். ரேலே எழுதிய சமன்பாடு கெழு காலத்தோடு மாறும் ஒன்றுதானே தவிர, நேரியல் சமன்பாடுதானே? அதை வைத்து நேரியலற்ற இயற்பியலுக்கு எப்படித் தொடக்கவிழா நடத்துவது? கேள்வி நியாயமானது, பதில் நூலிடமே இருக்கிறது. அந்த நேரியல் சமன்பாடு இரண்டே விதிகளைத்தான் அறியும்: ஆட்டம் தேய்ந்து அடங்க வேண்டும், அல்லது எல்லையின்றி வளர்ந்துகொண்டே போக வேண்டும். ஆய்வகத்து நூல் இரண்டையும் செய்வதில்லை. அது வளர்ந்து, ஒரு குறிப்பிட்ட வீச்சில் நின்று, மணிக்கணக்கில் அங்கேயே ஆடுகிறது. வீச்சு பெருகும்போது நூல் கூடுதலாக நீள்கிறது, இழுவிசை ஏறுகிறது, அதனால் நூலின் இயல்பு அதிர்வெண்ணும் ஏறி, கவையோடு இருந்த ஒத்திசைவிலிருந்து நழுவுகிறது. தனக்குக் கிடைத்த ஒத்ததிர்வைத் தன் வளர்ச்சியாலேயே கெடுத்துக்கொண்டு, அந்தக் கேடு போதுமான இடத்தில் நிலைகொள்கிறது. ஆகவே அளவுகோலை வைத்து அளக்கக்கூடிய வீச்சு ஒன்று அங்கே இருக்கிறது என்பதே நேரியலற்ற விளைவு. இப்படி இயல்பு அதிர்வெண் மாறிக்கொண்டிருக்கும் அமைப்புகளின் வலிந்த அதிர்வு பற்றி ஜெர்மானியப் பொறியாளர் டஃபிங் எழுதிய புகழ்பெற்ற நூல் 1918-இல்தான் வந்தது. வெளியிலிருந்து கொடுக்கும் அதிர்வெண்ணை மெல்ல உயர்த்திப் போனால் வீச்சு ஓரிடத்தில் திடீரென்று சரிவதும், தாழ்த்தி வந்தால் வேறோரிடத்தில் திடீரென்று குதிப்பதும் அத்தகைய அமைப்பின் அடையாளம். போகிற வழியும் வருகிற வழியும் ஒன்றல்ல. ஊஞ்சல் படத்தில் இதற்கு இடமே கிடையாது.

அடுத்த சான்று வயலின் குடும்பத்திலிருந்து. செல்லோவில் ஒரு குறிப்பிட்ட சுரம் மட்டும் எவ்வளவு கவனமாக வில் இழுத்தாலும் ஊளையிடும். வாசிப்பவர்கள் அதை ஓநாய்ச் சுரம் என்பார்கள். கருவியின் உடல் தானாக அதிர விரும்பும் அதிர்வெண்ணில் தந்தியும் அதிரும்போது இது நேர்கிறது, அதாவது ஒத்ததிர்வு மிகக் கச்சிதமாக அமைந்த இடத்தில். பாடநூல்படி அங்கே நாதம் செழிக்க வேண்டும், திக்கித் திணறக் கூடாது. இரண்டு நெருங்கிய அதிர்வெண்கள் சேர்ந்து எழுப்பும் விம்மலே இது என்று இங்கிலாந்தில் 1915-இல் ஒரு விளக்கம் வந்தது. 1916-இல் ராமன் தந்தியின் அசைவையும் கருவியின் மேற்பலகையின் அசைவையும் ஒருசேரப் படம் பிடித்து வேறு கதை சொன்னார். வில் தந்தியை முழு அடிப்படைச் சுரத்தில் ஆட்ட, ஒரு குறைந்தபட்ச அழுத்தம் தேவை. உடல் எவ்வளவு ஆற்றலைக் குடிக்கிறதோ அந்த அழுத்தமும் அவ்வளவு கூட வேண்டும். ஒத்ததிர்வில் உடல் பெரிதாக அதிர்ந்து ஆற்றலை உறிஞ்சுகிறது, வில்லின் பிடி போதாமல் போகிறது, தந்தி மேல் ஸ்தாயிக்குத் தாவுகிறது, உணவு நின்றதும் உடல் அடங்குகிறது, உடல் அடங்கியதும் வில்லுக்குப் பிடி திரும்புகிறது, தந்தி பழைய சுரத்துக்கு இறங்குகிறது, மறுபடி முதலிலிருந்து. இந்தச் சுழற்சிதான் ஊளை. வில்லுக்கும் தந்திக்கும் நடுவே உள்ள உராய்வு, ஒட்டுவதும் வழுக்குவதுமாக, வேகத்துக்கு எந்த விகிதத்திலும் அடங்காத ஒன்று என்பதால்தான் இது சாத்தியம். 1918-இல் அவர் வெளியிட்ட வில்லால் இழுக்கும் தந்திகள் பற்றிய பெருநூல் இதன் தொடர்ச்சி.

வீணைக்கு வருவோம்; வாதத்தின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. தந்தியை எந்தப் புள்ளியில் மீட்டுகிறோமோ, அந்தப் புள்ளியில் கணு கொண்ட மேற்சுரங்கள் ஒலிக்கா என்பது தாமஸ் யங்கும் ஹெல்ம்ஹோல்ட்ஸும் நிறுவிய விதி. தந்தியைச் சரிநடுவில் மீட்டினால் இரட்டை எண் மேற்சுரங்கள் இருக்கக் கூடாது. காரணம் எளிது: அசையாமல் இருக்க வேண்டிய இடத்தைப் பிடித்து இழுத்து அந்த அதிர்வை எப்படி எழுப்புவது? ஐரோப்பியக் கருவிகளில் இந்த விதி நன்றாகவே பலிக்கிறது. அங்கே தந்தி குதிரையின் கூரிய விளிம்பைத் தாண்டுகிறது; தந்தியின் முனை எது என்பதில் ஐயமில்லை. நம் வீணையில் குதிரை அகலமானது. அதன்மேல் லேசாக வளைந்த உலோகத் தகடு. தம்புராவிலும் குதிரை அகலம்தான். போதாக்குறைக்குத் தந்திக்கும் குதிரைக்கும் நடுவே ஜீவா என்ற நூலிழையைச் செருகி, மயிரிழை அளவில் முன்னும் பின்னும் நகர்த்தி, நாதம் ‘திறக்கும்’ இடத்தைக் காதால் தேடுவார்கள். இந்தக் கருவிகளில் யங்–ஹெல்ம்ஹோல்ட்ஸ் விதி மீறப்படுகிறது என்று 1921-இல் ராமன் எழுதினார். கணுவிலேயே மீட்டினாலும் அந்த மேற்சுரம் ஓங்கிக் கேட்கிறது. தந்தி கீழே வரும்போது தகட்டின் வளைவில் படிந்து குட்டையாகிறது, மேலே போகும்போது விடுபட்டு நீள்கிறது. குதிரைமீது அது செலுத்தும் விசை விட்டு விட்டு, சிறு தட்டல்களாக விழுகிறது. தந்தியின் நீளமே தந்தியின் ஆட்டத்தைப் பொறுத்தது என்று ஆகிவிட்ட பிறகு, இன்ன காரணத்துக்கு இன்ன விளைவு என்று கூட்டிப் பெருக்கும் நேரியல் கணக்குக்கு அங்கே வேலையில்லை. அடிப்படைச் சுரத்தின் ஆற்றல் ஒவ்வொரு உரசலிலும் மேற்சுரங்களுக்குப் பெயர்கிறது. மீட்டிய கணத்தில் இல்லாதவை பிறகு எழுந்து, வரிசையாக மின்னி மறைகின்றன. தம்புராவின் ரீங்காரம் என்று நாம் சொல்வது அதைத்தான். ஒருபுறம் மட்டும் தடையுள்ள தந்தி என்ற இந்தக் கணக்கை, சித்தாரை முன்வைத்து பரிட்ஜும் அவருடைய கூட்டாளிகளும் அமெரிக்கக் கணித இதழ் ஒன்றில் எழுதியது 1982-இல். இடையில் ஓடியவை 61 ஆண்டுகள்.

இந்த இடத்தில் எதிர்த்திசையிலிருந்து ஒரு குரல் வரும், சற்றுப் பெருமிதத்தோடு: அப்படியானால் நம் முன்னோர்களுக்கு நேரியலற்ற இயற்பியல் தெரிந்திருந்தது என்று சொல்லிவிடலாமே? சொல்ல முடியாது. தகட்டை அரத்தால் ராவி ராவி நாதத்தைக் கொண்டுவரும் ஆசாரிக்கு இருப்பது மெய்யான அறிவு. ஆனால் அது அந்தத் தகட்டை விட்டு வேறு இடத்துக்குப் பெயராத அறிவு. நீரலைக்கும் மின்சுற்றுக்கும் கண்ணாடி இழைக்கும் ஒரே சமன்பாட்டை எழுதக் கற்ற பிறகுதான் அதை இயற்பியல் என்கிறோம். கைத்தொழில் செய்தது வேறொரு பெரிய உதவி: வாதத்துக்கு இடமில்லாத சான்றை மேசைமேல் வைத்தது. கூரிய குதிரை கொண்ட கருவிகளையே கேட்டு வளர்ந்த ஹெல்ம்ஹோல்ட்ஸுக்கு விதியைச் சந்தேகிக்கக் காரணம் இல்லை. தந்தை வயலின் வாசித்த வீட்டில் வளர்ந்து, வீணை வாசிக்கும் லோகசுந்தரியை மணந்த ராமனுக்கு, விதியை நம்புவதா காதை நம்புவதா என்ற கேள்வி எழுந்தே தீரும். அவர் நம் நாட்டுக் கருவிகள் எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு புகழவில்லை என்பதற்கு மிருதங்கம் சாட்சி. 1920-இல் சிவகாளி குமாருடன் எழுதிய குறிப்பிலும் 1934-இன் விரிவான கட்டுரையிலும் அவர் காட்டியது, வலந்தலையின் கரணை தோலுக்கு எடை கூட்டி, தாறுமாறாக விழ வேண்டிய மேற்சுரங்களை முழு எண் விகிதத்தில் நிறுத்துகிறது என்பதே. அது முழுக்க நேரியல் கணக்கு. விதியை மீறவில்லை, விதியைச் சாமர்த்தியமாகப் பயன்படுத்துகிறது. எது மீறல், எது சாமர்த்தியம் என்று பிரித்துப் பார்த்ததில்தான் அவருடைய இயற்பியல் இருக்கிறது.

எனக்கே தொந்தரவு தரும் ஆட்சேபம் வேறு. முதல் அத்தியாயம் என்றால் இரண்டாவது எங்கே? 1921-இல் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் திரும்பும்போது மத்தியதரைக் கடலின் நீலம் ராமனைப் பிடித்துக்கொண்டது. அதன் பிறகு தந்தி பின்னால் போய்விட்டது. 1927-இல் ஜெர்மானிய இயற்பியல் கையேட்டுக்கு இசைக்கருவிகள் பற்றி நீண்ட கட்டுரை எழுதிக் கொடுத்ததும், பின்னர் மிருதங்கத்துக்குத் திரும்பியதும் தவிர, பெரிதாக எதுவும் இல்லை. இதை ஒரு ரஷ்யரோடு ஒப்பிட்டால் இழப்பின் அளவு தெரியும். 1928 பிப்ரவரியில் ராமனும் வத்திராயிருப்பைச் சேர்ந்த கே.எஸ். கிருஷ்ணனும் திரவங்களில் புதிய ஒளிச்சிதறலைக் கண்ட அதே நாட்களில், மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்குடன் சேர்ந்து குவார்ட்ஸ் படிகத்தில் அதையே கண்டவர் மாண்டல்ஸ்டாம். அந்த மாண்டல்ஸ்டாம்தான் பாபலெக்ஸியோடு சேர்ந்து 1930-களில், மெல்டேயின் நூல் செய்ததை மின்சுற்றில் செய்து காட்டி, ஆண்ட்ரோனோவ் போன்ற மாணவர்களோடு நேரியலற்ற அதிர்வுகளுக்கென்றே ஒரு சிந்தனைப் பள்ளியை எழுப்பினார். ஒரே மனிதர் இரண்டு கதவுகளையும் திறந்து வைத்திருந்தார். ராமன் ஒன்றைத் திறந்ததும் மற்றதைச் சாத்திவிட்டார். நோபல் பரிசு எந்தக் கதவுக்குப் பின்னால் இருந்தது என்று தெரிந்த நமக்கு அவர் முடிவைக் குறை சொல்வது அழகல்ல. ஆனால் விலை எதுவும் கொடுக்கவில்லை என்பதும் உண்மையல்ல.

சாத்தினார் என்று எழுதிவிட்டேன். முழுதாகச் சாத்தினாரா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. 1915-இல் அவர் இரண்டு வெவ்வேறு விசைகளை ஒரே தந்தியில் செலுத்தி, அவற்றின் கூட்டலிலும் கழித்தலிலும் பிறக்கும் அதிர்வுகளை ஆராய்ந்து, ‘கூட்டிணைவு அதிர்வுகள்’ என்ற பொருள்படும் பெயரை வைத்தார். மூலக்கூறின் அதிர்வெண்ணை ஒளியின் அதிர்வெண்ணோடு கூட்டியும் கழித்தும் வரும் புதிய கோடுகளே ராமன் விளைவு. ரஷ்யர்கள் அதற்கு இன்றும் சொல்லும் பெயர் ‘கூட்டிணைவுச் சிதறல்’. வார்த்தை ஒற்றுமையை வைத்து வம்சாவளி எழுதக் கூடாது. மேலும், 1928-இல் பார்த்த அந்த மங்கலான சிதறல் விழும் ஒளிக்கு நேர் விகிதத்தில்தான் இருக்கிறது, அந்த வகையில் அது நேரியல்தான் என்று இயற்பியலார் திருத்துவார்கள், ஏற்கிறேன். ஆனால் லேசர் வந்தபின், 1962-இல் வுட்பரியும் இங்கும் கண்ட தூண்டப்பட்ட ராமன் சிதறலில் அந்த விகிதமும் உடைந்தது. வலிமையான ஒளி மூலக்கூறுகளை ஆட்ட, ஆடும் மூலக்கூறுகள் ஒளியைப் பெருக்க, பெருகிய ஒளி மேலும் ஆட்ட, ஒன்றை ஒன்று வளர்க்கும் ஒத்ததிர்வு அது. கண்ணாடி இழையில் தொலைதூரம் ஓடும் சமிக்ஞைகளைப் பெருக்க இன்று இதுவே பயன்படுகிறது. இரண்டு அதிர்வுகள் சந்தித்தால் மூன்றாவது பிறக்கலாம் என்ற எண்ணம் ராமனுக்கு ஒளியைத் தொடும் முன்பே தந்தியிலிருந்து பழகியிருந்தது என்று மட்டும் சொல்லலாம்.

உலக அளவில் இந்தத் துறைக்கு மறுவாழ்வு கொடுத்ததும் ஒரு தந்திதான். 1953-54-இல் லாஸ் அலமோஸ் கணினியில் ஃபெர்மி, பாஸ்டா, உலாம் மூவரும், கணக்கை நிரலாக எழுதித் தந்த மேரி சிங்கோவின் துணையோடு, சற்றே நேரியலற்ற ஒரு கற்பனைத் தந்தியை ஆட்டிப் பார்த்தார்கள். அடிப்படை அதிர்வுக்குக் கொடுத்த ஆற்றல் எல்லா மேற்சுரங்களுக்கும் சமமாகப் பரவிவிடும் என்பது எதிர்பார்ப்பு. அது பரவியது, பிறகு ஏறக்குறைய முழுதாகப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பியது. அந்தப் புதிரிலிருந்து 1965-இல், வடிவம் கலையாமல் ஓடும் தனி அலையைக் குறிக்கும் சாலிட்டான் என்ற சொல் பிறந்தது. தந்தியின் ஆற்றல் எந்தச் சுரத்திலிருந்து எந்தச் சுரத்துக்குப் போகிறது என்பதுதான் அங்கும் கேள்வி. வீணைக் குதிரையைப் பார்த்து ராமன் கேட்டதற்கு நெருங்கிய உறவு. தமிழகத்தில் அந்தக் கேள்வி மறுபடி எழுந்தது ஆய்வகத்திலல்ல, கரும்பலகையில். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பி.எம். மாத்யூஸும் அவருடைய மாணவர் மு. லட்சுமணனும் 1974-இல் ஒரு விசித்திரமான அலையியற்றியை எழுதினார்கள். அதன் ஆட்டம் பாடநூல் ஊஞ்சலைப் போலவே சுத்தமான சைன் வளைவு. ஆனால் அதன் அதிர்வெண் வீச்சைப் பொறுத்து மாறுகிறது. லட்சுமணன் பின்னர் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில், ராமன் பிறந்த ஊருக்கு அருகிலேயே, இந்தத் துறைக்கென ஒரு மையத்தை அமைத்தார். அந்தக் கதை அடுத்த இதழுக்கு. 1918-இல் கல்கத்தாவில் அச்சான ராமனின் தந்திப் பெருநூல் தலைப்பிலேயே ‘முதல் பகுதி’ என்று குறித்திருந்தது. இரண்டாம் பகுதி வெளிவரவே இல்லை.